எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்குக் கொரோனா வந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொரோனா இப்போது பலருக்கு நாலைந்து நாள் இருமல், உடம்புவலியோடு போய்விடுகிறது. உறுப்பு மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ரத்தப் புற்றுநோய் உள்ளவர்கள், கீமோதெரபியில் இருப்பவர்கள், ரிட்டுக்சிமாப் ஊசி (ஆன்டிபாடி உருவாக்கும் ரத்த அணுக்களைக் குறைக்கும் மருந்து) போட்டுக்கொள்பவர்கள், அதிக டோஸில் ஸ்டீராய்டு சாப்பிடுபவர்கள் ஆகியோருக்கு அப்படிப் போகும் என்று நம்பி இருந்துவிட முடியாது. இங்கிலாந்தில் 2022-இல் 12 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களை வைத்து ஒரு கணக்கு எடுத்தார்கள். அதில் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் 3.9 சதவீதம்தான். ஆனால் கொரோனாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் 22 சதவீதமும், ஐசியூவுக்குப் போனவர்களில் 28 சதவீதமும், இறந்தவர்களில் 24 சதவீதமும் அவர்கள்தான். ‘ஒமிக்ரான் லேசானது’ என்று ஊரெல்லாம் நிம்மதியாக இருந்த காலத்துக் கணக்கு இது.

இதில் ஒரு பங்குக்கு அடிப்படை நோயே காரணம். ஆனால் மற்றவர்களுக்குப் போடும் நாள் கணக்கையும் மருந்துக் கணக்கையும் இவர்களுக்கும் அப்படியே போடுவதால் வரும் கேடும் உண்டு. அதைத் தவிர்க்க முடியும்.

முதல் தவறு, காய்ச்சல் ஏறட்டும் என்று காத்திருப்பது. ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்குக் காய்ச்சல் சரியாக வெளியே தெரியாது. லேசான தொண்டைக் கரகரப்பு, காரணமில்லாத அசதி என்று தொடங்கும்போதே டெஸ்ட் எடுத்துவிட வேண்டும். வைரஸை அடக்கும் பாக்ஸ்லோவிட் மாத்திரையை அறிகுறி தொடங்கிய 5 நாளுக்குள் ஆரம்பிக்க வேண்டும். தொடக்கத்திலேயே மூன்று நாள் ட்ரிப்ஸில் கொடுக்கும் ரெம்டெசிவிர் என்ற இன்னொரு வைரஸ் மருந்துக்கு 7 நாள் வரை நேரம் இருக்கிறது. ‘ரெண்டு நாள் பார்க்கலாம்’ என்று சொல்லும்போது இந்த நாட்களைத்தான் இழக்கிறோம்.

அடுத்தது மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சிறுநீரக மாற்று செய்துகொண்ட ஒருவர், புதுச் சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மாத்திரையைத் தினமும் சாப்பிடுகிறார் என்று வையுங்கள். அவருக்குப் பாக்ஸ்லோவிட் எழுதிக் கொடுக்கிறார்கள். அதில் இரண்டு மருந்துகள் உண்டு: வைரஸைத் தடுக்கும் நிர்மட்ரெல்விர், அது உடம்பில் சீக்கிரம் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளும் ரிடோனாவிர். சிஒய்பி3ஏ4 என்ற நொதியை முடக்கித்தான் ரிடோனாவிர் அந்த வேலையைச் செய்கிறது. டாக்ரோலிமஸை உடைத்து வெளியேற்றுவதும் அதே நொதிதான். அதனால் வழக்கமான டோஸைத் தவறாமல் சாப்பிட்டாலும் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பல மடங்கு ஏறிவிடும். கை நடுங்கும், வாந்தி வரும், தலை வலிக்கும், சிறுநீரகம் திணறுவதைக் காட்டும் கிரியாட்டினின் ஏறும். பாடுபட்டுப் பொருத்திய சிறுநீரகமே அடிவாங்கும். பார்ப்பவர்களுக்குக் கொரோனா முற்றிவிட்டது போலத்தான் தெரியும், மாத்திரையின் வேலை என்று சட்டெனத் தோன்றாது. உறுப்பு மாற்று சிகிச்சை டாக்டருக்கு முன்பே தகவல் போயிருந்தால் அந்த நாட்களில் டாக்ரோலிமஸை நிறுத்திவைத்து, ரத்த அளவைப் பார்த்துத் திரும்பத் தொடங்குவார், அல்லது ரெம்டெசிவிர் போதும் என்பார்.

அதனால்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டைகளை எல்லாம் பையில் போட்டு எடுத்துப் போகச் சொல்கிறோம். ஆனால் ஊசியாக ஏற்றிய மருந்து அந்தப் பையில் இருக்காது. நாலு மாதம் முன்பு ஏற்றிய ரிட்டுக்சிமாப்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்றால் யாரும் சொல்வதும் இல்லை. அதன் தாக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் நீடிக்கும். நோயின் போக்கைத் தீர்மானிக்கும் தகவலே அதுதான். ஊசியின் பெயரையும் கடைசித் தேதியையும் ஒரு தாளில் எழுதி கேஸ் ஷீட்டோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

‘எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துதானே, கொரோனா தீரும் வரை நிறுத்திவிடுவோம்’ என்று வீட்டிலேயே முடிவெடுப்பதும் ஆபத்து. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மாற்று உறுப்பை உடம்பு நிராகரிக்கவும் கூடும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட் போன்ற சில மருந்துகளை டாக்டர்கள் தற்காலிகமாக நிறுத்துவது உண்டு, ஆனால் அது அவர்கள் எடுக்க வேண்டிய முடிவு. 2020-இல் உறுப்பு மாற்று செய்தவர்களிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில், ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் சுமார் ஐந்தில் ஒருவர் 28 நாளுக்குள் இறந்தார். அந்த இறப்போடு சேர்ந்து வந்தவை முதுமை, இதயச் செயலிழப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், உடல் பருமன் போன்றவைதான். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளின் தீவிரத்துக்கும் இறப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. ஆக, மருந்தை மட்டும் வில்லனாக்கிவிட்டு சர்க்கரையையும் இதயத்தையும் கவனிக்காமல் விடுவது சரியில்லை.

டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு விஷயம் சுருக்கமாக. 2020 ஜூனில் பிரிட்டனின் ரெகவரி ஆய்வு, வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை அது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் தெரியவில்லை. ஆக்சிஜன் அளவு நன்றாக இருக்கும்போதே ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று ஸ்டீராய்டு கேட்காதீர்கள். ஏற்கெனவே அடங்கிக் கிடக்கும் எதிர்ப்பு சக்தியை அது இன்னும் அடக்கும், சர்க்கரையை ஏற்றும், பூஞ்சைத் தொற்றுக்கும் வழிவிடும்.

அப்புறம், மூக்கில் எடுத்த டெஸ்ட் நெகட்டிவ் என்றதும் கேஸை மூடிவிடுவது. ரிட்டுக்சிமாப் எடுத்தவர்களிடம் மூக்கில் வைரஸ் தெரியாமல் நுரையீரலில் மட்டும் இருந்துகொண்டிருப்பது உண்டு. மூன்றாவது வாரமும் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, ஸ்கேனில் நுரையீரலில் வெள்ளைத் திட்டுகள் இடம் மாறி மாறித் தெரிகின்றன, ஆன்டிபயாடிக் மாற்றி மாற்றிப் போட்டும் கேட்கவில்லை என்றால், மூச்சுக்குழாய்க்குள் கருவி விட்டு நுரையீரல் நீரை எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று தயங்காமல் கேளுங்கள். இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது: எல்லாவற்றையும் கொரோனா தலையில் கட்டுவது. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சையால் வரும் நிமோனியா ஸ்கேனில் ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும். காசநோய், ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை, பாக்டீரியா ஆகியவை கொரோனாவோடு சேர்ந்தும் வரலாம். நெகட்டிவையும் பாசிட்டிவையும் இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாத டாக்டர்தான் இங்கே தேவை.

நாள் எண்ணித் தனிமையை முடிப்பதும் இவர்களுக்குப் பொருந்தாது. 2020-இல் பதிவான ஒரு ரத்தப் புற்றுநோய் நோயாளி 71 வயதுப் பெண்மணி. கொரோனா அறிகுறியே இல்லாத அவரிடமிருந்து 70 நாள் வரை தொற்றக்கூடிய வைரஸ் வெளியாகிக்கொண்டிருந்தது. அதே ஆண்டு பதிவான 45 வயதுக்காரர் ஒருவருக்குத் தொற்று பல மாதம் திரும்பத் திரும்பத் தலைதூக்கி, கடைசியில் 154-ஆம் நாள் இறந்தார். அதற்குள் வைரஸும் அவர் உடம்புக்குள்ளேயே பலமுறை உருமாறியிருந்தது. அதனால் ஆஸ்பத்திரியில் இவர்களை, 48 மணி நேர இடைவெளியில் எடுத்த இரண்டு டெஸ்டும் நெகட்டிவ் ஆன பிறகு பொது வார்டுக்கு மாற்றுவதே பத்திரம். பக்கத்துப் படுக்கையில் இருப்பவரும் இதே நிலையில் இருக்கலாம்.

தடுப்பூசி பற்றி இரண்டு எண்ணங்கள் உலவுகின்றன. பலவீனமான உடம்புக்கு அது ஆகாது என்பது ஒன்று. கொரோனா எம்ஆர்என்ஏ தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது, அதனால் அந்த ஊசியால் தொற்று வராது. ஊசி போட்டாச்சு, இனிக் கவலையில்லை என்பது மற்றொன்று. 2021-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வில், உறுப்பு மாற்று செய்தவர்களில் இரண்டு டோஸுக்குப் பிறகும் 46 சதவீதம் பேருக்கு ஆன்டிபாடி உருவாகவில்லை. இவர்களுக்குக் கூடுதல் டோஸ்கள் சொல்லப்படுவது இதனால்தான். கூட இருக்கும் வீட்டார் எல்லாரும் ஊசி போட்டுக்கொள்வதும் இவர்களைக் காக்கும். ரிட்டுக்சிமாப் எடுப்பவர்களுக்கு நாள் பார்த்துப் போடுவது முக்கியம். ரிட்டுக்சிமாப் ஏற்றிய உடனே தடுப்பூசி போட்டால் ஆன்டிபாடி உருவாவது கடினம். அடுத்த ரிட்டுக்சிமாப்புக்குத் தேதி குறிக்கும்போதே தடுப்பூசியை எப்போது போடுவது என்றும் டாக்டரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.