பியானோ போட்டிக்குப் பெரிய ரொமாண்டிக் உருப்படி: கடைசிப் பக்கத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு வருடத்துக்கு முன் கோவையில் ஒரு போட்டியில் ஷோப்பானின் முதல் பாலாட் (கதை சொல்வதுபோல் நீளும் பியானோ உருப்படி) வாசித்தேன். ஜி மைனர், ஓபஸ் (படைப்பு எண்) 23. ஏழு மாதப் பயிற்சி. முதல் எட்டு நிமிடம் நன்றாகவே போனது. கடைசியில் இடது கை தாவ வேண்டிய இடத்தில் தவறியது, வலது கையும் நின்றுவிட்டது. நான்கைந்து பார் (தாள அளவின் ஒரு கட்டம்) தள்ளித்தான் மறுபடி பிடிக்க முடிந்தது. ஈரோட்டுக்கு ரயிலில் திரும்பும்போதெல்லாம் அதே நினைப்பு. உழைப்பில் குறை இல்லை, உருப்படியைத் தேர்ந்தெடுத்த விதத்தில்தான் குறை. போன வருடம் வேறு விதமாகத் தேர்ந்தெடுத்து, முழுதாக வாசித்து முடித்தேன். அந்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். கிரேடு 8 (பியானோ கிரேடு தேர்வுகளில் கடைசி) அளவுக்கு வாசிப்பவர், முதன்முதலாகப் பெரிய உருப்படி எடுக்கிறார் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. விதிகளைப் படியுங்கள்

நேர வரம்பு, மனப்பாடமாக வாசிக்க வேண்டுமா, 'ரொமாண்டிக்' (ஏறக்குறைய பத்தொன்பதாம் நூற்றாண்டு இசை) என்று யாரையெல்லாம் ஏற்கிறார்கள், இந்த மூன்றும் போதும். 1827-இல் ஷூபர்ட் எழுதிய இம்ப்ராம்ப்டு என்னும் சிறு உருப்படிகளைச் சிலர் கிளாசிக்கல் (அதற்கு முந்தைய காலம்) பக்கம் வைப்பார்கள். ரக்மானினோவை இருபதாம் நூற்றாண்டு என்று தள்ளுபவர்களும் உண்டு. சந்தேகம் இருந்தால் எழுதிக் கேட்டு, பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

2. நேரத்தைக் கழித்துப் பாருங்கள்

பத்து நிமிட வரம்பு என்றால் எட்டரை நிமிட உருப்படி தேடுங்கள். முதல் பாலாட் ஒன்பது முதல் பத்து நிமிடம் வரை போகும், ஷோப்பானின் இரண்டாவது ஷெர்ட்ஸோவும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவது பாலாட் எட்டு நிமிடத்துக்குள் அடங்கும். லிஸ்ட்டின் பி மைனர் சொனாட்டா அரை மணி நேரம், அதை இப்போதைக்கு ஆசையோடு கேட்டால் போதும்.

3. கடைசி இரண்டு பக்கத்தை முதலில் வாசியுங்கள்

நான் சறுக்கிய இடம் இது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய ரொமாண்டிக் உருப்படிகள் பலவற்றில் கஷ்டமெல்லாம் கடைசியில்தான் காத்திருக்கும். முதல் பாலாட்டில் மொத்தம் 264 பார். 208-ஆவது பாரில் கோடா (முடிவுப் பகுதி) தொடங்குகிறது. அதுவரை 6/4 தாளத்தில் நடந்த இசை சட்டென்று 2/2-க்கு மாறும். மேலே 'ப்ரெஸ்டோ கோன் ஃபுவோகோ' என்று எழுதியிருக்கும். மிக வேகமாக, நெருப்போடு என்று பொருள். இடது கை ஆழத்து பேஸுக்கும் நடுவில் உள்ள கார்டுக்கும் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரங்கள்) தாவிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு நிமிடம் வாசித்து முன்கை இறுகி, உள்ளங்கை வியர்த்திருக்கும் நேரத்தில் இது வரும். நான் ஏழு மாதத்தில் ஆறு மாதத்தை அழகான முன்பகுதிக்குக் கொடுத்துவிட்டு, கோடாவுக்குக் கடைசி சில வாரங்களைத்தான் விட்டிருந்தேன்.

அதனால் பிடித்த உருப்படிகள் மூன்றைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் இரண்டு வாரம் பழகுங்கள். அதன்பின் ஸ்கேல், ஆக்டேவ் (எட்டு ஸ்வர அகலத்துக்குக் கை விரித்து வாசிப்பது) பயிற்சி என்று பத்து நிமிடம் கையைக் களைக்கவிட்டு, நிறுத்தாமல் அந்தப் பக்கங்களை வாசியுங்கள். முழு வேகத்தில் முக்கால் பங்கு வேகத்திலாவது சிதறாமல் வந்தால் அந்த உருப்படியை எடுக்கலாம். மூன்று நாள் வாசித்தும் ஒரே இடத்தில் உடைந்தால், இந்த வருடம் அது வேண்டாம்.

உடைவதை நாமே கவனிக்க மாட்டோம், அதுவும் ஒரு சிக்கல். எனக்கு அதைச் சொன்னது அம்மா. சங்கீதம் கற்றவர் அல்ல. "ஏங் கண்ணு, தெனமும் அந்த எடத்துலயே வந்து நின்னுக்கறே?" என்று சமையலறையிலிருந்து கேட்டார். பென்சிலால் குறித்துப் பார்த்தேன், மூன்று நாளும் அதே பார். வீட்டில் யாரையாவது கேட்கச் சொல்லுங்கள்.

இந்தச் சோதனையில் எனக்குத் தேறியது பிராம்ஸின் ஜி மைனர் ரப்சடி, ஓபஸ் 79-இல் இரண்டாவது. 1879-இல் எழுதியது. இடது கை வலது கையைத் தாண்டிப் போய் மேல் ஸ்வரத்தைத் தொட வேண்டும், அது பழகிவிடும். முடிவில் வாண வேடிக்கை இல்லை. முதல் பகுதியைத் திருப்பி வாசிக்கும் குறி இருக்கிறது, அதை விட்டால் ஒரு நிமிடத்துக்கு மேல் மிச்சம். திருப்ப வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

மெண்டல்சனின் 'வேரியேஷன்ஸ் சீரியஸ்' (ஓபஸ் 54) எனக்கு மிகவும் பிடித்த சிபாரிசு. பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை வைக்க நிதி திரட்டிய தொகுப்புக்காக 1841-இல் எழுதியது. ஒரு தீம், அதை மாற்றி மாற்றி வாசிக்கும் 17 வேரியேஷன். ஒவ்வொன்றும் சிறியது, அதனால் உடையும் இடம் உடனே தெரிந்துவிடும்.

4. எந்தப் பியானோ?

நம் பக்கம் பலரும் வீட்டில் டிஜிட்டலில் பழகி, மேடையில் அகூஸ்டிக்கில் (தந்தி உள்ள பியானோ) வாசிக்கிறோம். ஆன்-ஆஃப் மட்டும் தெரிந்த சின்னப் பெடலை மாற்றிவிடுங்கள். பாதி அழுத்தம் உணரும் பெடல் இல்லாமல் லிஸ்ட்டின் 'உன் சோஸ்பிரோ' எடுக்காதீர்கள், மேடையில் எல்லாம் கலங்கிவிடும். மாதம் இரண்டு முறையாவது தெரிந்த பள்ளியிலோ சர்ச்சிலோ அனுமதி கேட்டு அகூஸ்டிக்கில் வாசியுங்கள்.

நோட்ஸுக்கு நான் ஹென்லே பதிப்புதான் வாங்குவேன், விலை கூடுதல் என்றாலும் விரல் எண்களும் பக்கம் திரும்பும் இடங்களும் வசதி. ஷோப்பானுக்கு பியானோ கலைஞர் கோர்தோவின் பதிப்பும் பக்கத்தில் இருக்கட்டும், கஷ்டமான இடங்களுக்கு அவர் தனிப் பயிற்சிகள் கொடுத்திருக்கிறார்.

5. ரெக்கார்ட் செய்து முடிவெடுங்கள்

எடுக்க நினைக்கும் உருப்படியைப் போனில் ஒரே டேக் (நடுவில் நிறுத்தாமல்). எங்கள் தெருவில் மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டால் பதினைந்து நாளும் ஒலிபெருக்கிதான், அதனால் நான் விடியற்காலை ஐந்து மணிக்கு எடுப்பேன். நோம்பித் தேதியைப் பார்த்துத் திட்டம் போடுங்கள்.

பிறகு சேர்த்தது: கை சின்னது, ஆக்டேவே கஷ்டம், மெண்டல்சனின் 'ரோண்டோ கப்ரிச்சியோசோ' எடுக்கலாமா என்று பல்லடத்திலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார். தொடக்கமும் நடுவும் சின்னக் கைக்கு நன்றாக வரும். ஆனால் முடிவு முழுக்க ஆக்டேவ்தான் அம்மணி. முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தைப் பத்து நாள் வாசித்துப் பாருங்கள். மணிக்கட்டு வலித்தால் உடனே நிறுத்திவிட்டு, ஷூபர்ட்டின் இ-ஃபிளாட் இம்ப்ராம்ப்டுவை ஏற்பார்களா என்று கேட்டு எழுதுங்கள்.