செம்பருத்தியும் எஃப்/2.8ம்: பூவை நெருங்கி எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பூ, பூச்சி போன்ற சின்னப் பொருள்களை மிக நெருங்கி எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸைப் புதிதாக வாங்கியவர் அநேகமாக முதலில் செய்வது இதுதான்: மொட்டைமாடிக்குப் போய், பூத்திருக்கும் செம்பருத்தியின் முன்னால் மண்டிபோட்டு, லென்ஸுக்குள் ஒளி நுழையும் துளையை, அதாவது அப்பெர்ச்சரை, எஃப்/2.8 வரை முழுசாகத் திறந்துவிடுவார் (எஃப் எண் சிறிதானால் துளை பெரிது). பின்னணி மங்க வேண்டுமானால் துளையைத் திற என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆளை நிற்கவைத்து எடுக்கும் படத்துக்கு அது சரியான பாடம். பூவுக்கு அரை மீட்டர் தூரத்துக்குள் போய்விட்டால் அதே பாடம் காலை வாரிவிடும். அங்கே மங்கலுக்குப் பஞ்சமே இல்லை, கேட்காமலே வந்து குவியும். கூர்மைக்குத்தான் பஞ்சம். கீழே வரும் தவறுகளில் பாதிக்கு மேல் இதை மறந்துபோவதால் நடப்பவை.

முழுசாகத் திறந்துவிடுவது

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஃபுல் ஃபிரேம் கேமராவில், அதாவது சென்சார் 36×24 மி.மீ. அளவுள்ள கேமராவில், பத்து சென்டிமீட்டர் அகலமுள்ள செம்பருத்தி படம் நிறைய வரும்படி எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். சென்சாரில் விழும் உருவம் நிஜப் பூவில் ஏறத்தாழக் கால் பங்கு. இந்த நெருக்கத்தில் எஃப்/2.8 வைத்தால் கூர்மையாகத் தெரியும் ஆழம், அதாவது டெப்த் ஆஃப் ஃபீல்ட், 3 மில்லிமீட்டர் சொச்சம். எஃப்/8 வைத்தாலும் ஒரு சென்டிமீட்டரைத் தொடாது. இன்னும் நெருங்கி, நிஜ அளவிலேயே, 1:1ல் எடுத்தால் எஃப்/2.8ல் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். எஃப்/8ல் சுமார் ஒரு மில்லிமீட்டர்.

இப்போது செம்பருத்தியைப் பாருங்கள். பூவின் நடுவிலிருந்து நீளும் தண்டு ஐந்தாறு சென்டிமீட்டர் முன்னால் துருத்திக்கொண்டிருக்கும். நுனியில் ஐந்து சூல்முடிகள், அதற்குக் கீழே தண்டைச் சுற்றி மஞ்சள் மகரந்தப் பைகள். நேர் முன்னாலிருந்து எஃப்/2.8ல் எடுத்தால் அந்த ஐந்தில் இரண்டு மூன்று தெளிவாக விழும். மகரந்தம் மஞ்சள் புகையாகிவிடும், இதழ்கள் சிவப்புக் கறையாகிவிடும். அது செம்பருத்தி என்று நீங்கள் சொன்னால்தான் மற்றவருக்குத் தெரியும். அதே பூவை எஃப்/8ல் எடுத்தால் ஐந்து சூல்முடிகளும் மேலே உள்ள மகரந்தப் பைகளும் தெளிவாக நிற்கும். இதழ்கள் மங்கினாலும் இதழ் என்று தெரிகிற அளவுக்கு மங்கும். தோட்டத்து நெருக்கப் படங்களுக்கு எஃப்/5.6லிருந்து எஃப்/11 வரைதான் பிழைப்பு நடக்கிற இடம் என்பது என் கட்சி.

பின்னணி மங்கலைத் துளையிடம் மட்டும் கேட்பது

"எஃப்/8 வைத்தால் பின்னால் இருக்கும் சுவரும் தொட்டியும் தெரியுமே" என்று கேட்பீர்கள். தெரியும், அவை பூவோடு ஒட்டிக்கொண்டிருந்தால். மங்கலின் அளவு துளையை மட்டும் பொறுத்ததல்ல. பூவுக்கும் அதன் பின்னால் இருப்பதற்கும் உள்ள இடைவெளியைப் பொறுத்தது, லென்ஸின் நீளத்தையும், அதாவது 50 மி.மீ., 100 மி.மீ. என்று சொல்லும் குவியத் தூரத்தையும் பொறுத்தது.

100 மி.மீ. லென்ஸில், மேலே சொன்ன கால் பங்கு அளவில் எடுக்கும்போது, பூவுக்குப் பத்து சென்டிமீட்டர் பின்னால் ஒரு சுவர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஃப்/8லிருந்து எஃப்/2.8க்குத் திறந்தால் சுவரின் மங்கல் மூன்று மடங்குகூட ஆகாது, ஆனால் பூவின் கூர்மையில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். எஃப்/8லேயே இருந்துகொண்டு, சுவரிலிருந்து பூ ஒரு மீட்டர் தள்ளி வரும்படி தொட்டியை இழுத்துப் போட்டால் மங்கல் நான்கு மடங்காகிறது. பூவிலிருந்து ஒன்றும் குறையவில்லை. மொட்டைமாடித் தோட்டக்காரருக்கு இது பெரிய வசதி. தரையில் வேர்விட்ட செடிக்கு நாம்தான் சுற்றிவர வேண்டும், தொட்டிச் செடியை நகர்த்தலாம். லென்ஸை மாற்ற ஆசைப்படுவதற்கு முன்னால் தொட்டியை நகர்த்திப் பாருங்கள், முதுகு தாங்கினால்.

லென்ஸின் நீளத்தைப் பற்றியும் ஒரு குழப்பம் உண்டு. நீள லென்ஸில் கூர்மையின் ஆழம் குறைவு என்பார்கள். நெருக்கப் படத்தில் பூவின் உருவம் ஒரே அளவு, எஃப் எண்ணும் ஒன்று என்றால் 50 மி.மீ. லென்ஸும் 100 மி.மீ. லென்ஸும் தரும் ஆழம் கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் பின்னணியில்தான். 100 மி.மீ. குறுகலான ஒரு துண்டுப் பின்னணியை மட்டும் எடுத்து, அதைப் பெரிதாக மங்கவைக்கும். அதனால்தான் கொடிக்கயிறும் பி.வி.சி. குழாயும் நிறைந்த மாடிகளில் நீள லென்ஸ் கைகொடுக்கிறது. பூச்சியை மிரட்டாமல் தள்ளி நிற்கவும் முடிகிறது.

கூர்மை எந்தத் தளத்தில் விழுகிறது என்று பார்க்காதது

கூர்மை ஒரு தளம். பொரிக்காத அப்பளம் ஒன்று லென்ஸுக்கு முன்னால் காற்றில் செங்குத்தாக நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அப்பளம் எதைத் தொடுகிறதோ அது தெளிவு, தொடாததெல்லாம் மங்கல். கேமராவைச் சாய்த்தால் அப்பளமும் கூடவே சாயும். படம் எடுப்பவர் கையில் இருப்பது அப்பளத்தின் தடிமனைவிட அதன் சாய்வுதான். பலர் தடிமனோடு மட்டும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

செம்பருத்தியைப் பக்கவாட்டிலிருந்து எடுத்துப் பாருங்கள். நீண்ட தண்டு முழுவதும் அந்தத் தளத்துக்குள் படுத்துவிடும். எஃப்/4லேயே அடியிலிருந்து நுனிவரை மகரந்தம் தெளிவாகக் கிடைக்கும், இதழ்கள் பின்னால் கரையும். இறக்கையை மூடி உட்கார்ந்திருக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இதே வழிதான். இறக்கைக்கு இணையாகக் கேமராவை வைத்தால் கண், உணர்கொம்பின் அடி, இறக்கை மூன்றும் ஒன்றாக விழும். கொஞ்சம் கோணம் மாறினாலும் இறக்கையின் ஒரு ஓரம் போய்விடும். தட்டானை முன்னாலிருந்து எடுத்தால் கண் மட்டும் தெளிவாக இருக்கும் படம், பக்கத்திலிருந்து எடுத்தால் முழுத் தட்டான். இரண்டும் நல்ல படங்களே. எது வேண்டும் என்று முதலிலேயே தீர்மானிப்பதுதான் முக்கியம். பூச்சி என்றால் இன்னொன்றும் உண்டு: கண் தளத்தில் இல்லாவிட்டால் மற்றது எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பயனில்லை.

ஃபோகஸ் செய்துவிட்டுத் திருப்புவது

நடுப்புள்ளியில் ஃபோகஸ் பிடித்து, பட்டனை அரையாக அழுத்தியபடி கேமராவைத் திருப்பிக் காட்சியை அமைக்கும் பழக்கம் பலருக்குக் கையோடு வந்துவிட்டது. அரை மீட்டர் தூரத்தில் பத்து டிகிரி திருப்பினாலே தளம் ஏழு மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். கையில் இருப்பதே மூன்று மில்லிமீட்டர் என்னும்போது இது கட்டுப்படியாகாது. ஃபோகஸ் புள்ளியையே வேண்டிய இடத்துக்கு நகர்த்துங்கள். அல்லது மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றி, திரையில் உருவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, லென்ஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பை இம்மி இம்மியாக முன்னும் பின்னும் அசைத்துப் பிடியுங்கள்.

கையில் பிடித்து எடுக்கும்போது உடம்பு ஆடாமல் இருக்காது. மூச்சு விடும்போதே சில மில்லிமீட்டர் நகர்கிறோம். ஒரு சொடுக்கோடு திருப்திப்படாமல் நாலைந்தாகத் தொடர்ந்து எடுத்தால் ஒன்றிலாவது தளம் சரியாக விழுந்திருக்கும்.

காற்றை ஷட்டர் ஸ்பீடால் மட்டும் சமாளிப்பது

ஷட்டர் வேகத்தை 1/500க்கு ஏற்றினால் பூ ஆடிய இழுவை படத்தில் தெரியாது. உண்மைதான். ஆனால் பூ பக்கவாட்டில் மட்டுமா ஆடுகிறது? முன்னும் பின்னும் ஆடும்போது தளத்தைவிட்டே வெளியே போய்விடுகிறது. அதை எந்த வேகமும் திருப்பிக் கொண்டுவராது. லென்ஸில் உள்ள அதிர்வுக் குறைப்பும் உதவாது, அது உங்கள் கையைத்தான் பார்த்துக்கொள்ளும், செடியை அல்ல.

காற்று எழும்பாத காலை நேரத்தில் எடுப்பதுதான் முதல் மருந்து. சென்னை மாதிரிக் கடலோர ஊரில் கடற்காற்று உள்ளே வரத் தொடங்கிய பிறகு மாடியில் மேக்ரோ எடுப்பது வீண் வேலை. தண்டுக்குப் பக்கத்தில் ஒரு குச்சியை ஊன்றி வாழைநாரால் தளர்வாகக் கட்டலாம். காற்று வரும் பக்கம் ஒரு அட்டையை வைக்கலாம். அப்புறம் ஐ.எஸ்.ஓ.வை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றப் பயப்பட வேண்டாம். 1600ல் வரும் பொரிப்பொரியைப் பிற்பாடு குறைத்துக்கொள்ளலாம், தவறிப்போன ஃபோகஸை எந்த மென்பொருளும் முழுசாகச் சரிசெய்யாது.

எதிர்ப்பக்கத்துத் தவறு

திறந்து திறந்து அலுத்தவர் ஒருநாள் கோபத்தில் எஃப்/22 வைப்பார். நெருங்கிப் போகப் போக லென்ஸ் வெளிச்சத்தை இழக்கிறது. 1:1ல் எஃப்/16 என்று வைப்பது நடைமுறையில் எஃப்/32 மாதிரி வேலை செய்யும். துளை அவ்வளவு சிறுத்தால் ஒளி ஓரங்களில் வளைந்து படம் முழுக்க ஒரு மெல்லிய மழுங்கல் படியும். ஆழம் கூடும், ஆனால் எதுவுமே உண்மையில் கூர்மையாக இருக்காது. நிகான் கேமராக்கள் இந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்து எண்ணையே மாற்றிக் காட்டும், கேனான் நீங்கள் வைத்த எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். இரண்டிலும் நடப்பது ஒன்றுதான். 1:1 பக்கம் போகும்போது எஃப்/11ஐத் தாண்ட நான் யோசிப்பேன்.

உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வ்யூஃபைண்டரில் பார்க்கும்போது லென்ஸ் முழுசாகத் திறந்தே இருக்கும். நீங்கள் எஃப்/11 வைத்திருந்தாலும் கண்ணுக்குப் பின்னணி அழகாகக் கரைந்திருக்கும், படத்தில் அதே பின்னணி காய்ந்த குச்சியும் இலையுமாக எழுந்து நிற்கும். பல கேமராக்களில் லென்ஸுக்குப் பக்கத்தில் டெப்த் ஆஃப் ஃபீல்ட் முன்னோட்டத்துக்கென ஒரு சிறு பட்டன் இருக்கும், பலர் அதைத் தொட்டதே இல்லை. அழுத்தினால் காட்சி இருண்டு உண்மை தெரியும்.

மங்கலில் இருக்கும் வெள்ளைப் பொட்டுகள்

மங்கிவிட்டது என்பதற்காகப் பின்னணி ஒழுங்காகிவிடாது. முருங்கை இலைகளுக்கு நடுவே தெரியும் வானம் மங்கும்போது வெள்ளை வட்டங்களாக ஊதிப்போகும், துளையைச் சுருக்கினால் அதே வட்டங்கள் பல லென்ஸ்களில் பலகோணங்களாகும். இப்படி மங்கலின் தோற்றத்தைப் பொக்கே என்பார்கள், சிலருக்கு அது பிடிக்கும். பூவைவிட அவை வெளிச்சமாக இருந்தால் கண் அங்கேதான் போகும். நெருக்கத்தில் ஒரு நல்ல விஷயம், கேமராவை ஒரு சாண் நகர்த்தினால் பின்னணி முழுசாகவே மாறிவிடும். நந்தியாவட்டை போன்ற வெள்ளைப் பூவுக்குப் பின்னால் நிழல் விழுந்த இலைக்கூட்டம் வரும்படி பாருங்கள். சிவப்புச் செம்பருத்தியில் இன்னொரு தொல்லை: மொத்த வெளிச்சம் சரியாக இருந்தாலும் சிவப்பு மட்டும் எகிறி, இதழின் நரம்புகள் காணாமல் போகும். வெளிச்சத்தை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை (ஒரு ஸ்டாப் என்றால் பாதி வெளிச்சம்) குறைத்து எடுங்கள்.

இலைக்கு நடுவே புகுந்து எடுத்து, முன்னாலும் ஒரு பச்சைப் படலம் வரவைக்க முயல்பவர்கள் உண்டு. அந்த இலை லென்ஸை ஏறக்குறைய உரச வேண்டும். பாதி வழியில் நிற்கும் இலை படலமாகாது, அழுக்காகத்தான் தெரியும்.

கைப்பேசியில்

இங்கே மங்கல் இரண்டு வகை. போர்ட்ரெய்ட் மோடில் வருவது மென்பொருள் போடுவது. செம்பருத்தியின் மகரந்தத்தையும் எறும்பின் உணர்கொம்பையும் துளசிக் கதிரின் மெல்லிய மயிர்களையும் அது பாதியில் வெட்டிவிடும். மேக்ரோ மோட் வேறு தொல்லை. பல கைப்பேசிகள் பூவை நெருங்கியதும் தானாக அல்ட்ரா வைடு லென்ஸுக்குத் தாவிவிடும். அது பூவோடு சேர்த்து மாடியையே உள்ளே இழுத்துக்கொண்டுவரும், மங்கலும் அவ்வளவாக வராது, போதாக்குறைக்குக் கைப்பேசியின் நிழலே பூவின் மேல் விழும். இந்தத் தாவலை அணைத்துவிட்டு, கொஞ்சம் பின்வாங்கி, தொலைவை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் இருந்தால் அதில் எடுத்தால் இயல்பான மங்கல் கிடைக்கும்.

எஃப்/2.8 எங்கே சரி

முழுசாகத் திறப்பதே தவறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சங்குப்பூவின் இதழ் மாதிரி ஏறக்குறையத் தட்டையான பொருளை இணையாக நின்று எடுக்கும்போது எஃப்/2.8 தாராளம். செடி முழுவதும் வரும்படி ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் தள்ளி நின்றாலும் சரி. நிறத்தை மட்டும் வைத்து விளையாட வேண்டுமா, சுருண்ட ஒரு இதழின் விளிம்பை மட்டும் கோடாகப் பிடித்து மற்றதெல்லாம் கரைய விடுங்கள். அப்போது அந்த விளிம்பு சட்டத்தின் குறுக்கே நீளமாக ஓட வேண்டும், நடுவில் அறுந்துவிடக் கூடாது.

பழகுவதற்கு ஒரே பூவை அசையாமல் டிரைபாடில் நிறுத்தி எஃப்/2.8, 4, 5.6, 8, 11 என்று வரிசையாக எடுங்கள். தொட்டியை நகர்த்திவிட்டு மறுபடி அதே வரிசை. கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே தெளிவாகத்தான் தெரியும், கணினியில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுங்கள். பல ஃபோகஸில் எடுத்து ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்கிங் முறைக்கு அதற்கப்புறம் போகலாம். அதற்கு ஜெரீன் ஸ்டாக்கர், ஹெலிகான் ஃபோகஸ் போன்ற மென்பொருள்கள் இருக்கின்றன, காற்றே இல்லாத காலையும் வேண்டும்.