சீரம், சிவப்பு லைட் மாஸ்க்: காசு கரையாமல் வீட்டிலேயே முயன்று பார்ப்பது எப்படி

நாற்பதை நெருங்கிவிட்டால் போதும், போனைத் திறந்தாலே, சுருக்கம் குறையும் என்று சிவப்பு வெளிச்ச முகமூடி போட்ட யாராவது வந்து நிற்கிறார்கள். வாங்கலாமா என்று கேட்கும் தோழிகளிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: சன்ஸ்கிரீன் தினமும் போடுகிறாயா? இல்லையென்றால் மாஸ்க்குக்கு எடுத்து வைத்த பணத்தில் முதலில் அதை வாங்கு. சென்னையில் ஏப்ரல், மே மாத நண்பகலில் புற ஊதாக் குறியீடு மிகக் கடுமையான 11ஐத் தொடுவது சகஜம், அந்த வெயில் முகத்தில் போடும் சுருக்கத்துக்கும் மங்குக்கும் எந்த சீரமும் ஈடுகொடுக்காது. ஏசி காரில்தானே ஓ.எம்.ஆர். வரை போகிறேன் என்பவர்களும் தப்பிக்க முடியாது, புற ஊதாக் கதிரில் ஒரு வகையான யுவி-ஏ ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வரும்.

எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல், பி.ஏ. (யுவி-ஏ தடுப்பின் அளவு) பக்கத்தில் மூன்று பிளஸ்ஸாவது இருக்கட்டும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்குங்கள், அதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து அளவு. பட்டாணி அளவு எடுத்துத் தேய்த்தால் டியூபில் அச்சடித்த எண் உங்கள் முகத்துக்குக் கிடைக்காது. வெளியில் வியர்க்க வியர்க்க அலைகிற நாளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மறுபடி போட வேண்டும். மங்கு உள்ளவர்கள் அயர்ன் ஆக்சைடு கலந்த, லேசாக நிறமுள்ள சன்ஸ்கிரீனாகப் பார்த்து வாங்குங்கள், சாதாரண வெளிச்சமும் மங்கைக் கூட்டும்.

சரி, இனி சீரம். ஒரே நேரத்தில் ஒரே ஒரு புதுப் பொருள்தான். மூன்றை ஒரே வாரத்தில் ஆரம்பித்தால் முகம் பளிச்சென்று ஆனாலும் தடித்துப் போனாலும் எதனால் என்று கண்டுபிடிக்க முடியாது. புதுசு எதுவானாலும் முதலில் காதுக்குப் பின்னாலோ முன்கையின் உட்புறத்திலோ சில நாள் தடவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பாட்டில் முகத்துக்கு வேண்டாம்.

ஆரம்பிக்கும் முன் ஒரு போட்டோ எடுங்கள். காலையில், முகம் கழுவியபின், அதே ஜன்னல் பக்கத்தில், அதே தூரத்தில், நேராக ஒன்று, பக்கவாட்டில் இரண்டு. போனில் பியூட்டி மோடை அணைத்துவிட்டு எடுங்கள், பல போன்களில் செல்ஃபி கேமரா கேட்காமலே தோலை வழித்துவிடும். மாதம் ஒரு முறை அதே மாதிரி எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தினமும் கண்ணாடியில் தேடுவதால் பயனில்லை, தூக்கமில்லாத இரவுக்கு மறுநாள் யாருக்கும் முகம் தொங்கித்தான் இருக்கும்.

சுருக்கத்துக்குக் கடையில் கிடைப்பவற்றில் நல்ல ஆதாரம் உள்ளது ரெட்டினால். வைட்டமின் ஏ குடும்பம். 0.1 முதல் 0.3 சதவீதத்தில் ஆரம்பியுங்கள், 1 சதவீதத்தைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். இரவில் முகம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, பட்டாணி அளவு (இங்கேதான் பட்டாணி), மேலே மாய்ஸ்சரைசர். வாரம் இரண்டு இரவு. தோல் பழகியபின் ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூக்கு ஓரம், வாய் ஓரம், கண்ணை ஒட்டிய இடம் எல்லாம் சீக்கிரம் உரியும், அங்கே முதலிலேயே கொஞ்சம் வாஸ்லின் தொட்டு வையுங்கள். முதல் சில வாரம் வறட்சியும் லேசான உரிதலும் சகஜம், எரிச்சலும் வீக்கமும் சகஜமில்லை. பார்லரில் உதட்டுக்கு மேல் வாக்ஸிங் செய்யப் போகிறீர்கள் என்றால் ஒரு வாரம் முன்பே நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் முடியோடு தோலும் சேர்ந்து வந்துவிடும். கர்ப்பிணிகளும், கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்களும், பால் கொடுப்பவர்களும் தொடக்கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாவது ஆகும், அதுவும் மெல்லிய கோடுகளில்தான். ஆழமான மடிப்புகள் அப்படியேதான் இருக்கும், யார் என்ன சொன்னாலும்.

வைட்டமின் சி காலைக்கு, சன்ஸ்கிரீனுக்கு முன்னால். லேபிளில் எல்-அஸ்கார்பிக் ஆசிட் (வைட்டமின் சியின் தூய வடிவம்) 10 முதல் 20 சதவீதம் என்று இருக்கட்டும். இதற்கு நம் ஊர் எதிரி: வெயிலும் சூடும் காற்றும் பட்டால் கெட்டுப்போகும். வெளிச்சம் புகாத சின்ன பாட்டிலாக வாங்கி ஃபிரிட்ஜ் கதவில் வையுங்கள், பாத்ரூம் ஜன்னலில் வேண்டாம். நிறமில்லாமல் இருந்தது டிகாஷன் மாதிரிப் பழுப்பாகிவிட்டால் எவ்வளவு மிச்சமிருந்தாலும் கொட்டிவிட வேண்டியதுதான். எரிச்சல் தாங்காதவர்களுக்கு நயாசினமைடு 5 சதவீதம் சாதுவான மாற்று. ஹயலூரானிக் ஆசிட் ஈரத்தைப் பிடித்து வைப்பதோடு சரி, ஈர முகத்தில் தடவி மேலே க்ரீம் போடுங்கள்.

எலுமிச்சைச் சாற்றை மட்டும் முகத்தில் தேய்க்காதீர்கள், அதோடு வெயிலில் போனால் கொப்பளித்துக் கருத்துப்போகும். இயற்கைதானே என்று அத்தை சொன்னாலும் வேண்டாம்.

இதெல்லாம் பழக்கமானபின் கையில் காசு மிச்சமிருந்தால் கருவி. பல ஆயிரம் ரூபாய் போகும் சமாச்சாரம் என்பதால், பாரிமுனை பக்கம் போனால் ‘அக்கா, கொரியன் மாடல்க்கா, பத்தே நாள்ல ரிசல்ட்’ என்று நீட்டப்படும் மாஸ்க்கை வாங்குமுன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். சிவப்பு ஒளியின் அலைநீளம் 630 முதல் 660 நானோமீட்டர், அகச்சிவப்பு 830 அருகில், இந்த எண்களே போடாமல் ‘ஏழு கலர்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது வெறும் சீரியல் பல்பு. மாஸ்க்கைச் சுத்தமான வெறும் முகத்தில், கையேட்டில் சொன்ன நிமிடம் மட்டும், கண் மறைப்போடு போட வேண்டும். அதிக நேரம் வைத்தால் அதிகப் பலன் என்ற கணக்கு இங்கே கிடையாது. நீல ஒளி பருவுக்கானது, சுருக்கத்துக்கு அல்ல, நம் மாநிறத் தோலில் கருமையையும் கூட்டலாம். மங்கு இருப்பவர்கள், வலிப்பு உள்ளவர்கள், டாக்ஸிசைக்ளின் போன்ற வெளிச்சத்தைத் தாங்கவிடாத மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

முகத்தில் மெல்லிய மின்சாரம் பாய்ச்சும் மைக்ரோகரன்ட் கருவிக்கு ஜெல் கட்டாயம், காய்ந்த முகத்தில் வைத்தால் சுள்ளென்று குத்தும். அது முகத்தைத் தூக்கிக் காட்டுவது தற்காலிகம், கல்யாண ரிசப்ஷனுக்கு முன் சரி. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், கர்ப்பிணிகள், வலிப்பு உள்ளவர்கள் கிட்டேயே போக வேண்டாம். ஜேட் ரோலர் காலை வீக்கத்தைக் கொஞ்சம் வடியவைக்கும், அவ்வளவே. நுண்ணூசிகள் பதித்த உருளையான டெர்மாரோலரை வீட்டில் வேண்டாம் என்பேன்: ஊசியைச் சரியாகக் கிருமிநீக்கம் செய்வது கஷ்டம், நம் தோலில் சின்னக் காயமும் கருந்தழும்பாக நிற்கலாம், கெலாய்டு (தழும்பு தடித்து வளர்வது) வரும் உடம்பென்றால் கேட்கவே வேண்டாம்.

இறக்குமதி சீரம் வாங்கினால் லேபிளில் இறக்குமதியாளர் முகவரியும் பதிவு எண்ணும் உண்டா என்று பாருங்கள். லேபிளே இல்லாத டப்பாவில் வரும் ‘ஒரே வாரத்தில் பளபளப்பு’ க்ரீம்களில் ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்கலாம். ஸ்டீராய்டு என்றால் முதலில் நன்றாகத்தான் இருக்கும், நிறுத்தினால் முகம் சிவந்து எரியும், தோல் மெலியும், பரு கொட்டும். ஏற்கெனவே மாதக்கணக்கில் போட்டு வருகிறவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் தோல் டாக்டரிடம் போங்கள். தனியார் கட்டணம் கட்டுபடியாகாது என்றால் சென்னையில் சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், பழைய வண்ணாரப்பேட்டையில் ஸ்டான்லியிலும் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுக்க வேண்டும். போகும்போது முகத்தில் போட்ட எல்லாப் பாட்டிலையும் டியூபையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், மாதாமாதம் எடுத்த போட்டோக்களையும் காட்டுங்கள்.