எல்லா விளக்கும் எரிகிறதா? முதலில் பேட்டரியைப் பாருங்கள்

பழைய சொகுசு செடானில் ஏபிஎஸ், ஏர்பேக், கியர் என்று எச்சரிக்கை விளக்குகள் ஒரே நேரத்தில் எரிந்தால், உடனே சென்சார்களை மாற்றக் கிளம்பாதீர்கள். இந்தக் கார்களில் கண்ட்ரோல் யூனிட்டுகள் (பாகங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகள்) ஏராளம். மின்னழுத்தம் குறைந்தாலே அவை தாறுமாறாகப் பிழை காட்டும்.

இதை அளக்க, வோல்ட் காட்டும் சாதாரண மல்டிமீட்டர் போதும். சில மணி நேரம் ஓய்வில் இருந்த பேட்டரி 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.2 என்றால் ஏறக்குறைய பாதி சார்ஜ்தான். இன்ஜின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5 வரை வரும். 13-ஐயே தாண்டவில்லையா? பேட்டரியை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதைச் சுழற்றும் பெல்ட்டையும் பாருங்கள். பேட்டரியின் மைனஸ் முனையைக் கார் பாடியோடு இணைக்கும் எர்த் கம்பியின் இணைப்பில் துரு இருந்தாலும் இதே தொல்லைதான், பலர் கவனிக்காத இடம் அது.

பானெட்டுக்குள் பேட்டரி இல்லையென்றால் டிக்கியிலோ பின்சீட்டுக்கு அடியிலோ தேடுங்கள். அப்புறம், பேட்டரியைக் கழற்றினால் சில கார்களில் ரேடியோ பூட்டிக்கொள்ளும், அதனால் அதைத் திறக்கும் ரகசிய எண் (ரேடியோ கோட்) முன்பே கையில் இருக்கட்டும்.