தங்கூசியும் நாலு தராசும்: வீட்டில் கட்டிய ரேஸ் காரை நேராக்குவது எப்படி

எங்கள் பட்டறைக்குக் கார் பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, என்ன எஞ்சின், எவ்வளவு வேகம் போகும் என்பதுதான். சில்லு நேராக நிற்கிறதா என்று இன்றுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானும் முதல் வருடம் கேட்கவில்லை. அதற்குக் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் படகு எஞ்சின் திருத்துவது, திருகோணமலையில். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு கார். ஒரு ஆள் மட்டும் இருக்கிற, நாலு சில்லும் உடம்புக்கு வெளியே நிற்கிற போர்முலா மாதிரிக் கார். ஓட்டுவது என் மருமகன். எனக்கு இடுப்பு அந்த இருக்கைக்குள் போகாது.

கட்டுவதைப் பற்றி முதலில் சுருக்கமாக. எங்கள் கார் அடிபட்ட இரண்டு மாருதி 800-இலிருந்து பிறந்தது. 796 சிசி, மூன்று சிலிண்டர், 12 அங்குலச் சில்லு. இந்த ஊரில் பழைய இரும்புக் கடையில் கூடக் கிடைக்கும், உதிரிப் பாகத்துக்குக் கொழும்பு போகத் தேவையில்லை. மாருதியில் எஞ்சின், கியர்பொக்ஸ், சில்லைச் சுழற்றுகிற டிரைவ் ஷாஃப்ட் எல்லாம் முன்னால் ஒரே பொட்டலமாக இருக்கிறது. அந்தப் பொட்டலத்தை அப்படியே தூக்கி ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் வைத்தால் பின்சில்லு இழுக்கும் ரேஸ் கார் தயார். அப்படியே என்பதைக் கவனியுங்கள். கியர் கம்பி வசதிக்காக எஞ்சினை முன்பின் திருப்பி வைத்தால், நாலு ரிவர்ஸ் கியரும் ஒரேயொரு முன் கியரும் உள்ள கார் கிடைக்கும். சிரிக்க வேண்டாம், செய்தவர்கள் இருக்கிறார்கள்.

முன்சில்லுகளுக்கு இரண்டாவது மாருதியின் முன்பக்கத்தை எடுத்தோம். இது ஏதோ எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1946-இல் இங்கிலாந்தில் சார்ள்ஸ் கூப்பரும் மகன் ஜோனும் இரண்டு ஃபியட் டொபொலினோ கார்களின் முன்பக்கங்களை முதுகோடு முதுகாக ஒட்டி, நடுவில் ஓட்டுநர், பின்னால் 500 சிசி மோட்டார் சைக்கிள் எஞ்சின் என்று ஒரு கார் கட்டினார்கள். ஸ்டேர்லிங் மொஸ் 1948-இல் ரேஸுக்கு வந்ததும் ஒரு கூப்பர் 500-இல்தான். பிறகு 1963-இல் அமெரிக்காவில் தொடங்கிய போர்முலா வீ, ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் சாமான்களால் ஆனது. தெருவில் ஓடுகிற காரைப் பிரித்து ரேஸ் கார் கட்டுவது பழைய வழக்கம்தான்.

இதில் மாட்டிக்கொள்ளக்கூடிய இடம் ஒன்று உண்டு. முன்சில்லுக்கு இப்போது டிரைவ் ஷாஃப்ட் தேவையில்லை, சரி. ஆனால் அந்த ஷாஃப்டின் சில்லுப் பக்க முனையில் இருக்கிற மூட்டை, சி.வி. ஜொயின்டை, கழற்றி எறிந்துவிடாதீர்கள். சில்லின் நடுவில் இருக்கிற பெரிய நட், ஜொயின்டின் தண்டை இழுத்துத்தான் பெயரிங்கை இறுக்கிப் பிடிக்கிறது. தண்டு இல்லாவிட்டால் பெயரிங் மெல்ல விலகும், சில்லு ஆடும், ஒருநாள் உங்களை முந்திக்கொண்டு போகும். ஜொயின்டின் வெளிக் கிண்ணத்தை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் கழற்றிவிட்டு, நட்டை முறையான இறுக்கத்தில் பூட்டுங்கள்.

சட்டத்துக்கு 25 மில்லிமீற்றர் பொக்ஸ் பார், அதாவது சதுர இரும்புக் குழாய், போதும். தலைக்கு மேலே வளைந்து நிற்கிற ரோல் பாருக்கு மட்டும் சீம்லெஸ், அதாவது ஒட்டு இல்லாத, உருக்குக் குழாய் வாங்குங்கள். தண்ணீர்க் குழாய் வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், ஐந்து முனை பெல்ட், தீயணைப்பான், வெளியிலிருந்து நிறுத்தக்கூடிய சுவிட்ச், இவற்றில் காசு மிச்சம் பிடிக்கிறவருக்கு நான் வெல்டிங் செய்து கொடுப்பதில்லை. அதோடு, நீங்கள் ஓடப் போகிற போட்டியின் விதிப் புத்தகத்தைக் குழாய் வெட்டுவதற்கு முன்னால் வாசியுங்கள். வெட்டிய பிறகு வாசித்தால் வயிறு எரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் வருடம் எங்கள் கார் பிரேக் பிடிக்கும் போதெல்லாம் சுழன்றது. எப்போதும் மூக்கு வலப்பக்கம். மருமகனை ஏசினேன். டயரை மாற்றினேன். பிரேக் எண்ணெயை மாற்றினேன். ஒருநாள் திருக்கடலூரிலிருந்து எஞ்சின் எடுக்க வந்த ஒரு ஐயா, காருக்குப் பின்னால் குந்தியிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்தச் சில்லு வேற ஊருக்குப் போகுது" என்றார். மடியிலிருந்த தங்கூசியை, மீன் பிடிக்கிற நைலோன் நூலை, எடுத்து இழுத்துப் பிடித்தார். பின் இடது சில்லின் முன் விளிம்பு நாலு மில்லிமீற்றர் வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. மாருதியில் அது முன்சில்லாக இருந்தபோது ஸ்டியரிங் கம்பி பூட்டுகிற கை ஒன்று இருந்ததல்லவா? பின்னால் கொண்டுவந்ததும் அந்தக் கையைச் சட்டத்தோடு ஒரு கம்பியால் பூட்டியிருந்தேன். அந்தக் கம்பியைத் தாங்கும் தகட்டை நான் மெல்லிசாக வெட்டியிருந்தேன். அது மடிந்துவிட்டது. ஒரு முழு வருடம் பெடியனை ஏசியது வீண்.

அன்றிலிருந்து எங்கள் பட்டறையில் ஒழுங்கு இதுதான்: டயர்க் காற்று, உயரம், மூலை எடை (ஒவ்வொரு சில்லும் தாங்குகிற எடை), சில்லின் சாய்வு, கடைசியாக நேர் (சில்லு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது). இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஒன்றைத் தொட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் மாறும்.

அதற்கும் முன்னால் தரை. பட்டறைத் தரை எதுவும் மட்டமாக இருக்காது. மேசன்மார் பாவிக்கிற தண்ணீர் டியூப்பை எடுத்து நாலு சில்லும் நிற்கிற இடத்தை மட்டம் பாருங்கள். பள்ளமான இடத்தில் தரை ஓட்டுத் துண்டு, அதற்கு மேல் தகரத் துண்டு என்று வைத்து ஒரு மில்லிமீற்றருக்குள் கொண்டுவாருங்கள். பிறகு நாலு இடத்தையும் பெயின்ற் அடித்துக் குறியுங்கள், ஒவ்வொரு முறையும் இந்த வேலை செய்ய மனம் வராது. காற்று, குளிர்ந்த டயரில் முன்னால் 18, பின்னால் 20 பி.எஸ்.ஐ. வைக்கிறோம். சட்டத்தின் உயரம் முன்னால் 70, பின்னால் 80 மில்லிமீற்றர்.

மூலை எடைக்குக் குளியலறைத் தராசு நாலு போதும். ஒரே மாதிரி, ஒரே கடை. வாங்கும்போது நாலிலும் நீங்களே ஏறி நின்று பாருங்கள், ஒரே எண் காட்டவேண்டும். சில்லுக்கும் தராசுக்கும் நடுவில் இரண்டு ஷொப்பிங் பை, இடையில் கிறீஸ். இல்லையென்றால் டயர் தராசைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு பொய் சொல்லும். எங்கள் தராசு 150 கிலோ வரைதான். மருமகன் குதித்து ஏறினால் பின்தராசு எரர் காட்டும். ஆகவே காரை ஜாக்கில் தூக்கி, அவனை ஏற்றிப் பெல்ட் போட்டு, பிறகு மெல்ல இறக்குவோம். ஓட்டுநர் இல்லாமல் எடை பார்ப்பதில் பிரயோசனம் இல்லை. சீமெந்து மூட்டை வைத்தும் பார்த்தேன், மூட்டைக்குக் கால் நீட்டத் தெரியாது.

முதல் முறை வந்த கணக்கு இது. முன் இடது 108, முன் வலது 94, பின் இடது 136, பின் வலது 148. மொத்தம் 486 கிலோ. இடப்பக்கம் 244, வலப்பக்கம் 242, பார்த்தால் நல்ல கார் மாதிரி. ஆனால் குறுக்காகக் கூட்டுங்கள். முன் இடதும் பின் வலதும் 256, மற்றக் குறுக்கு 230. ஒரு கால் கட்டையான கதிரை போல, கார் இரண்டு காலில் நிற்கிறது. இதன் விளைவு, வலப்பக்கம் திரும்பினால் மூக்கு வெளியே தள்ளும், இடப்பக்கம் திரும்பினால் வால் வழுக்கும். ஓட்டுகிறவனுக்கு ஒன்றுமே விளங்காது.

திருத்துவது சொக்கப்சரின் ஸ்பிரிங் தாங்கும் வளையத்தில். எங்களுடையவை மோட்டார் சைக்கிள் சொக்கப்சர்கள். படகுத் தண்டு கடைகிற லேத்தில் கொடுத்து ஒன்றரை மில்லிமீற்றர் புரியோடு வளையம் வெட்டுவித்தோம். ஒரு மூலையை உயர்த்தினால் அந்த மூலைக்கும் அதற்குக் குறுக்கே உள்ள மூலைக்கும் எடை கூடும். மற்ற இரண்டிலும் குறையும். ஆகவே ஒரே மூலையில் முழுவதையும் திருகாதீர்கள், உயரம் கெட்டுவிடும். எடை குறைந்த குறுக்கில் இரண்டையும் கால் சுற்று ஏற்றி, மற்ற இரண்டையும் கால் சுற்று இறக்கி, காரை ஆட்டிவிட்டு மறுபடி பாருங்கள். எங்களுக்கு முன்னால் இரண்டும் 101-ஐ ஒட்டியும், பின்னால் இரண்டும் 142-ஐ ஒட்டியும் வந்தபோது இரவு பத்தரை மணி, மருமகன் இருக்கையிலேயே நித்திரை. பக்க எடையையும் முன்பின் எடையையும் இந்த வளையத்தால் மாற்றமுடியாது. அதற்கு பட்டரியைத்தான் இடம் மாற்றவேண்டும்.

சாய்வுக்குத் தூக்குக் குண்டு கட்டிய ஒரு நூல். றிம்மின் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட எட்டு ஒன்பது மில்லிமீற்றர் உள்ளே இருந்தால் எங்கள் றிம்முக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. முன்னால் அவ்வளவு, பின்னால் அதில் பாதி.

இனித் தங்கூசி. இரண்டு நேரான அலுமினியக் குழாய் எடுங்கள், காரைவிட அகலமாக. இரண்டையும் சேர்த்துப் பிடித்து ஒரே வாளால் இரு முனையிலும் வெட்டுக் குறி போடுங்கள், அப்போதுதான் தூரம் ஒன்றாக இருக்கும். ஒன்றைக் காருக்கு முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் சில்லு நடுவின் உயரத்தில் தாங்கி வைத்து, வெட்டுக்களில் இரு பக்கமும் தங்கூசியை இழுத்துக் கட்டுங்கள். பருத்தி நூல் தொய்யும். தங்கூசி இழுத்தால் வீணைத் தந்தி போல நிற்கும். இப்போது இரண்டு தங்கூசியும் ஒன்றுக்கொன்று சமாந்தரம், ஆனால் காருக்கு இன்னும் இல்லை. முன்சில்லு இரண்டின் நடுவிலிருந்தும் தங்கூசிக்கு உள்ள தூரம் சமமாக வரவேண்டும், பின்னாலும் அப்படியே. முன்னும் பின்னும் ஒன்றாக இருக்கவேண்டிய தேவையில்லை, இடமும் வலமும் ஒன்றாக இருந்தால் போதும். குழாயைத் தட்டித் தட்டி அதைக் கொண்டுவாருங்கள். பாதி நேரம் இதில்தான் போகும்.

பிறகு ஒவ்வொரு சில்லிலும் றிம்மின் முன் விளிம்பிலிருந்து தங்கூசிக்கு ஒரு அளவு, பின் விளிம்பிலிருந்து ஒரு அளவு. இரும்பு அடிமட்டத்தின் முனை தங்கூசியைத் தொடக்கூடாது, தொடுகிற மாதிரி இருக்கவேண்டும். எங்களுக்கு முன்சில்லு ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் வெளியே பார்க்கும், திருப்பத்தில் கூர்மையாக நுழைவதற்கு. பின்சில்லு ஒவ்வொன்றும் ஒன்றரை மில்லிமீற்றர் உள்ளே. பின்சில்லு வெளியே பார்க்கவே கூடாது. அப்படிப் பார்த்த ஒரு சில்லுதான் எங்களை ஒரு வருடம் சுழற்றியது.

நேரம் முக்கியம். ஆனி ஆடியில் கச்சான் காற்றுத் தொடங்கிவிட்டால் தங்கூசி நடுங்கிக்கொண்டே இருக்கும், கதவைச் சாத்தினாலும் ஓட்டுக் கூரைக்குள்ளால் வரும். ஆகவே நான் கட்டுவது விடிய ஐந்தரைக்கு, தேநீருக்கு முன்.

அளந்து முடிந்தால் ஓட்டிப் பார்க்க இடம் வேண்டும். தெருவில் ஓட்டினால் பொலிஸ் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். தம்பலகாமத்தில் தெரிந்தவரின் அரிசி ஆலையில், நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் இருக்கிறது. அறுவடைக் காலம் முடிந்த பிறகு கேட்டால் தருவார். சாக்கட்டியும் கயிறும் கொண்டு ஒன்பது மீற்றர் ஆரையில் ஒரு வட்டம் கீறுவோம். அந்தக் கோட்டில் இடப்பக்கமாகப் பத்துச் சுற்று, வலப்பக்கமாகப் பத்துச் சுற்று, கைபேசியில் நேரம். குறுக்கு எடை சரியில்லாதபோது ஒரு சுற்றுக்கு இடம் 7.0 வினாடி, வலம் 7.4. சரிசெய்த பிறகு இரண்டும் ஏழு வினாடியை ஒட்டி வந்தது. ஒரு நாளில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று அந்த ஆலைக்காரருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

பிரேக்கையும் அங்கேயே பாருங்கள். நேராகப் போய் அழுத்தி மிதிக்கும்போது முன்சில்லுகள் முதலில் சுழலாமல் பூட்டிக்கொள்ளவேண்டும். நாலிலும் மாருதியின் முன் டிஸ்க் இருப்பதால் எங்கள் காரில் பின்சில்லு முந்திக்கொண்டது. முன்னுக்கும் பின்னுக்கும் பிரேக் எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் தனித்தனியாகப் போட்டு நடுவில் சமன் கம்பி வைத்த பிறகுதான் அடங்கியது.

ஓட்ட நாளுக்குக் காரைப் பட்டா என்கிற சின்ன லொறியில் ஏற்றிக்கொண்டுதான் போகவேண்டும், வழியெல்லாம் குலுங்கும், ஆகவே முதல் நாளே எல்லா நட்டுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்ற் கோடு போடுங்கள். கோடு உடைந்திருந்தால் நட் நகர்ந்திருக்கிறது. சாவி வைத்துப் பார்க்கவேண்டியதில்லை, கண்ணே போதும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, கம்பி முனை மூட்டுகளுக்கெல்லாம் கிறீஸ். இங்கே உப்புக் காற்றில் ஒரு வாரம் விட்டால் அவை கிரீச்சிடும்.

ஓட்டுவது பற்றி மருமகன்தான் எழுதவேண்டும். நான் அவனுக்குச் சொல்வது ஒன்றுதான்: முதல் வளைவில் யாருடைய சில்லுக்கு இடையிலும் உன் சில்லை விடாதே. மூடிய கார் உரசினால் பெயின்ற் போகும், இதில் சில்லும் சில்லும் தொட்டால் பின்னால் வருகிற கார் ஏறிப் பறக்கும். தலையை ஆட்டுவான்.

போன ஓட்டம் முடிந்து இரவு பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தோம். விடியத் தங்கூசி கட்டினேன். முன் இடது சில்லு இரண்டரை மில்லிமீற்றர் உள்ளே திரும்பியிருந்தது.

"எங்கேயடா இடிச்சனி?"

"ஒரு இடமும் இல்லை, மாமா."

அடிமட்டத்தை அவன் கையில் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன்.