வீட்டு வாசலில் சாய்தளம்: அளவெடுப்பதிலிருந்து கியூரிங் வரை

சக்கர நாற்காலியில் இருப்பவர் யாரையும் கூப்பிடாமல் தெருவுக்குப் போய்வர வேண்டும். வீட்டுச் சாய்தளத்துக்கு இதுதான் கணக்கு. தள்ளிவிட ஆள் வேண்டும் என்றால் அது பைக் ஏற்றத்தான் உதவும். தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கட்டியிருக்கும் சாய்தளங்களில் பல அப்படிப்பட்டவைதான். காரணம், நீளத்தைக் கணக்குப் போடாமல் மிச்சமிருக்கும் இடத்துக்குள் அடக்கப் பார்ப்பது.

1. உயரம்

விதி எளிது: ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம். வாசல் ஒன்றரை அடி உயரம் என்றால், அதாவது 18 அங்குலம், சாய்தளம் 18 அடி. மேஸ்திரி 'எட்டடி போதுங்க' என்பார். எட்டடியில் ஏறினால் நாற்காலியின் முன்சக்கரம் தூக்கி, ஆள் பின்பக்கமாக விழுவார். கையில் வலு குறைந்தவர் என்றால் அங்குலத்துக்கு ஒன்றேகால் அடி கொடுங்கள்.

உயரத்தை வாசற்படி ஓரத்தில் அளக்காதீர்கள். பலரும் சறுக்குவது இங்கேதான். நம் பக்கத்து நிலம் மேடு பள்ளம். வாசலிலிருந்து 18 அடி தள்ளித் தரை மூன்று அங்குலம் இறங்கியிருந்தால், ஏற வேண்டிய உயரம் 21 அங்குலம். நீளமும் 21 அடியாகிவிடும். சாய்தளம் எங்கே முடியுமோ அங்கே ஒரு குச்சி அடித்து, ட்யூப் லெவலில் (தண்ணீர் நிரப்பிய, உள்ளே தெரியும் குழாய்) வாசல் மட்டத்தைக் கொண்டுவந்து, அங்கிருந்து தரைவரை அளங்கள். குழாய்க்குள் காற்றுக் குமிழி இருந்தால் மட்டம் தப்பும்; தண்ணீரை நிரப்பிக் குமிழி போகும்வரை தட்டிவிட்டுப் பிறகு பிடியுங்கள்.

மொத்த உயரம் இரண்டரை அடியைத் தாண்டினால் நடுவில் ஒரு சமதளம் வேண்டும்.

2. இடம்

அகலம் உள்ளளவில் 4 அடி. கதவுக்கு முன்னால் 5 அடிக்கு 5 அடி சமதளம் கட்டாயம். சாய்வு நேராகக் கதவில் போய் முட்டினால், ஒரு கையால் தாழ்ப்பாளைத் திறக்கும்போது நாற்காலி பின்னால் உருளும். அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டரும் இதே வழியில் ஏற வேண்டுமானால், அதன் வெளி அகலத்தை அளந்து சாய்தளத்தின் அகலத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

நேராக 23 அடி (18 அடி சாய்வு, 5 அடி சமதளம்) கிடைக்காத வீடுகளில் சுவரை ஒட்டி ‘ட’ வடிவில் திருப்பலாம். திருப்பத்திலும் 5 அடிக்கு 5 அடி சமதளம். தெருவில் இறக்க வேண்டாம். ஆக்கிரமிப்பு என்று ஊராட்சி இடித்தால் கேட்க வழியிருக்காது. சாக்கடைக்கு மேல் வரும் இடத்தில் மட்டும் தூக்கி எடுக்கக்கூடிய ஸ்லாப் போடுங்கள்.

பழைய படிகளை உடைக்காதீர்கள். காலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிப்பட்டை), ஊன்றுகோல் வைத்து நடப்பவர்களில் சிலருக்கு நீண்ட சாய்வைவிடக் கைப்பிடியுள்ள படிதான் சுலபம்.

3. நிலவாசல்

கதவைத் திறந்து வைத்து இடைவெளியை அளங்கள். 3 அடி இருந்தால் நல்லது. இரட்டைக் கதவு என்றால் இரண்டையும் திறந்துவிட்டு அளக்கலாம். கீழ் நிலைப்படியை எடுக்கப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். மஞ்சள் பூசி வைத்திருப்பார்கள். சண்டை வேண்டாம். வெளிச் சமதளத்தை நிலைப்படியின் மேல்மட்டத்துக்கு உயர்த்திவிட்டு, உள்பக்கம் ஒரு மரச்சாய்வு வையுங்கள்: இரண்டு அங்குல நிலைக்கு இரண்டடி. கூட்டிய உயரத்தை முதல் கணக்கிலேயே சேர்த்துவிடுங்கள்.

4. கட்டுவது

இருபுறமும் ஒன்பது அங்குலச் சுவர் எழுப்பி நடுவில் கிராவல் நிரப்புங்கள். ஒரே தடவையில் கொட்டினால் அடுத்த மழைக்குள் இறங்கிவிடும். ஆறு அங்குலத்துக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திம்மிசுக் கட்டையால் இடித்து இறுக்குங்கள். மண் இறங்கினால் முதலில் விரிசல் விடுவது சமதளமும் சாய்வும் சேரும் இடம். அங்கே அரை அங்குலம் மேடு தட்டினாலே முன்சக்கரம் நின்றுவிடும்.

இதன்மேல் ஒன்றரை அங்குல ஜல்லியில் 1:4:8 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி என்ற வரிசையில்) நான்கு அங்குலம். பிறகு 1:2:4 கான்கிரீட் நான்கு அங்குலம். 18 அடி சாய்வும் ஒரு சமதளமும் சேர்ந்த மேல் கான்கிரீட்டுக்குச் சிமெண்ட் 6 மூட்டை, எம்-சாண்ட் 15 கன அடி, முக்கால் அங்குல ஜல்லி 29 கன அடி பிடிக்கும். சமதளத்தில் தண்ணீர் தேங்காமல் இருக்க, வெளிப்பக்கமாக ஓர் அங்குலம் சாய்வு போதும்.

மேற்பரப்பை இழுத்து மெழுகவே கூடாது. கான்கிரீட் இறுகத் தொடங்கும்போது துடைப்பத்தால் குறுக்காக வரியிடுங்கள். கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் துண்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று பாலிஷ் கல்லைப் பதித்தால் மழையில் சறுக்குமரம்தான். கல்தான் வேண்டும் என்றால் ஃபிளேம் ஃபினிஷ் (தீயில் சுட்டுச் சொரசொரப்பாக்கிய கல்) கேளுங்கள். குறைந்தது ஏழு நாள், வெயில் காலத்தில் பத்து நாள் ஈரச்சாக்கு போட்டுக் கியூரிங்.

5. ஓரமும் கைப்பிடியும்

திறந்த ஓரங்களில் நான்கு அங்குல விளிம்பு எழுப்புங்கள். சக்கரம் வெளியே இறங்காது. கைப்பிடிக்கு ஒன்றேகால் அங்குல ஜிஐ பைப், இருபுறமும், இரண்டரை அடியிலும் மூன்றடியிலும் இரண்டு வரிசை. சுவருக்கும் பைப்புக்கும் இடையில் இரண்டு அங்குலம். இரு முனையிலும் ஓரடி நீட்டி, நுனியை வளைத்துவிடுங்கள். பார்வை குறைந்தவர் இருக்கும் வீட்டில் சாய்தளத்தின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் மஞ்சள் பட்டை அடியுங்கள். மேஸ்திரிக்குக் கடைசிக் கூலி கொடுக்குமுன், பயன்படுத்தப் போகிறவர் தாமே ஒரு முறை ஏறி, கதவைத் திறந்து, உள்ளே போய்த் திரும்பி இறங்கிப் பார்க்கட்டும்.

6. ரேஷன் கடை, ஊராட்சி அலுவலகம்

வீட்டை விட்டு இறங்கியவருக்கு அடுத்த தடை அங்கே. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 45ஆம் பிரிவு, பழைய பொதுக்கட்டடங்களைத் தடையற்றதாக மாற்ற ஐந்தாண்டு கெடு கொடுத்தது. சட்டத்தின் விதிகள் வந்த நாளிலிருந்து அந்தக் கணக்கு; அவை வந்தது 2017 ஜூனில், கெடு முடிந்தாயிற்று.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுங்கள். ‘சாய்தளம் வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் எட்டடிச் சாய்தளம்தான் வரும். கட்டடத்தின் பெயர், அளந்த உயரம், தேவையான நீளம், அகலம், கைப்பிடி எல்லாவற்றையும் எண்ணாக எழுதிப் புகைப்படம் இணையுங்கள். நகல் ஒன்று மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கு. மனு எண் வாங்காமல் திரும்பாதீர்கள். கிராம சபையிலும் இதே அளவுகளோடு தீர்மானம் கேட்கலாம்; ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூட்டம் உண்டு. பதில் இல்லையென்றால், மனு எண்ணைக் குறிப்பிட்டு, எடுத்த நடவடிக்கை என்ன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) கேளுங்கள்: கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். அதற்கும் அசையவில்லை என்றால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் செய்யலாம். மனு நகல், மனு எண், ஆர்டிஐ பதில் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள்.