கொடை ரோட்டிலிருந்து ஹூப்ளிக்கு ஒரே டிக்கெட்

மகள் ஹூப்ளியில் படிக்கிறாள். பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் கொடை ரோடு வந்துவிட்டால், தூத்துக்குடி - மைசூரு ரயிலில் பெங்களூரு, அங்கே மாறி ஹூப்ளி. மொபைலில் இதை இரண்டு டிக்கெட்டாகத்தான் எடுத்துக்கொண்டிருந்தோம். கட்டணம் உறுத்தியது.

ரயிலில் தூரம் கூடக் கூட கிலோமீட்டருக்கான கட்டணம் குறையும். பெங்களூரில் வெட்டினால் மறுபடி முதல் கிலோமீட்டரிலிருந்து ஆட்டோ மீட்டர் போல ஓட ஆரம்பிக்கும். வெட்டிய துண்டு சின்னதாக இருந்தால் இன்னும் மோசம்: ஸ்லீப்பரில் 50 கிலோமீட்டர் போனாலும் குறைந்தபட்சம் 200 கிலோமீட்டருக்கான காசு.

சரி என்று கொடை ரோடு கவுண்டருக்கே போனேன். முன்பதிவுப் படிவத்தில் கீழே தொடர் பயணம், திரும்பும் பயணம் என்று ஒரு பகுதி இருக்கிறது. யாரும் அதைக் கண்டுகொள்வதில்லை. "அக்கா, ரெண்டாவது வண்டி நம்பரை அதுல எழுதுங்க, ஒரே டிக்கெட்டா போட்டுடலாம்" என்றார் உள்ளே இருந்தவர். மொத்த தூரத்துக்கும் சேர்த்துக் கட்டணம் கணக்கானது. இரண்டு வண்டியிலும் இடம் இருக்கிறதா என்று முன்பே பார்த்துவைத்துப் போவது நல்லது. பின்னால் நிற்பவர்கள் முறைப்பார்கள்.

அவசரத்துக்கு ஆன்லைனில் தனித்தனியாக எடுத்தால், இரண்டு டிக்கெட்டின் பிஎன்ஆரையும் (முன்பதிவு எண்) இணைத்துவிடுவேன். 2019 ஏப்ரலிலிருந்து இந்த வசதி இருக்கிறது. முதல் வண்டி தாமதமாகி அடுத்ததைத் தவறவிட்டால், விதிப்படி விண்ணப்பித்து, போகாத பகுதிக்கான பணத்தைத் திரும்பக் கேட்கலாம். கட்டணச் சலுகை மட்டும் இதில் வராது.